‘ஸ்டேட்டஸ் மாறியிருக்கு’: குளோபல் என்ட்ரி நிராகரிப்புக் கடிதத்தை எப்படிப் படிக்கிறது?

இன்னைக்கு எபிசோடு கொஞ்சம் ஃபார்ம், பாஸ்வேர்டு, கடிதம்னு போகும். ஆனா அமெரிக்காவுலயோ கனடாவுலயோ இருக்குறவங்க, வேலைக்காக அடிக்கடி போய்ட்டு வர்றவங்க, இல்ல அண்ணனோ அக்காவோ அங்க இருக்குறவங்க கடைசி வரைக்கும் கேளுங்க. இந்த நிகழ்ச்சிக்கு வர்ற மெயில்கள்ல ஒரே மாதிரியான கேள்வி திரும்பத் திரும்ப வருது: “குளோபல் என்ட்ரிக்கு அப்ளை பண்ணேன், முடியாதுன்னு வந்திருக்கு, ஏன்னு புரியல. அடுத்து என்ன பண்றது?”

முதல்ல இது என்னன்னு சுருக்கமா சொல்லிடுறேன். பதினாறு, இருபது மணி நேரம் பறந்து போய் இறங்குறீங்க. முன்னாடி முந்நூறு பேர் கியூவுல நிக்குறாங்க. பக்கத்துல ஒரு வழி காலியா இருக்கு. ஒருத்தர் வந்து கேமராவைப் பார்க்குறார், அதிகாரிகிட்ட ரெண்டு வார்த்தை, போய்ட்டார். அந்த காலி வழிதான் குளோபல் என்ட்ரி. அமெரிக்க சுங்கம் மற்றும் எல்லைப் பாதுகாப்புத் துறை, அதாவது சிபிபி, 2008ல் சோதனை முயற்சியா ஆரம்பிச்சது. இதுக்கு ரெண்டு மூத்த அக்காங்க உண்டு. மெக்ஸிகோ எல்லைக்கு சென்ட்ரி, அது 1995லயே கலிபோர்னியாவுல ஒட்டாய் மேசா சோதனைச் சாவடில தொடங்குனது. கனடா எல்லைக்கு நெக்ஸஸ். மூணுக்கும் பின்னாடி இருக்குற எண்ணம் ஒண்ணுதான்: உங்களைப் பத்தி முன்கூட்டியே எல்லாத்தையும் விசாரிச்சு வச்சுக்குறோம், அதுக்குப் பதிலா எல்லையில உங்களை சீக்கிரம் விட்டுடுறோம். உறுப்பினர் காலம் அஞ்சு வருஷம். 2024 அக்டோபர்லேர்ந்து மூணுக்கும் கட்டணம் 120 டாலர். கிடைக்கலன்னாலும் அந்தக் காசு திரும்ப வராது.

இந்தியக் குடிமக்களுக்கு 2017லேர்ந்து குளோபல் என்ட்ரி கதவு திறந்திருக்கு. ஆனா நமக்கு ஒரு படி கூடுதல். நம்ம பாஸ்போர்ட் சேவா தளத்துலயே குளோபல் என்ட்ரிக்கான பின்னணிச் சரிபார்ப்புன்னு தனியா ஒரு விண்ணப்பம் இருக்கு, அதையும் போடணும். அமெரிக்க ஃபார்மை மட்டும் போட்டுட்டு மாசக்கணக்கா ‘பெண்டிங்’னு பார்த்துட்டு இருக்குறவங்க, முதல்ல இதைப் போட்டோமான்னு பாருங்க.

சரி, அக்கவுன்ட் விஷயத்துக்கு வருவோம். இதுல தடுக்கி விழுறவங்கதான் நிறைய.

2017 அக்டோபர் வரைக்கும் ‘கோஸ்’னு ஒரு பழைய தளம் இருந்துச்சு. அதை மூடிட்டு டிடிபி தளம்னு ஒண்ணு கொண்டு வந்தாங்க. உள்ள போறதுக்கு லாகின் டாட் கவ் அக்கவுன்ட் வேணும். இங்க கவனிங்க. லாகின் டாட் கவ் வேற, டிடிபி வேற. முதலாவது பல அமெரிக்க அரசுத் தளங்களுக்கான பொதுச் சாவி. ரெண்டாவதுதான் உங்க விண்ணப்பம், உங்க உறுப்பினர் எண், உங்க கடிதம் எல்லாம் இருக்குற அறை. சாவி தொலைஞ்சா அறை போய்டாது. ஆனா சாவி செய்றவர்கிட்ட போய் “என் ரூம்ல என்ன இருக்கு”ன்னு கேட்டா அவருக்குத் தெரியாது.

வழக்கமா நடக்குறது இதுதான். அஞ்சு வருஷம் முன்னாடி படிக்கப் போனப்ப யுனிவர்சிட்டி மெயில்ல அக்கவுன்ட் தொடங்கியிருப்போம். படிப்பு முடிஞ்சதும் அந்த மெயில் போச்சு. ஓடிபி வர்ற போன் நம்பரும் மாறிடுச்சு. லாகின் டாட் கவ்ல உங்க உறுதிப்படுத்தும் வழிகள் எல்லாமே கைவிட்டுப் போச்சுன்னா, அந்த அக்கவுன்ட்டை அழிச்சுட்டு புதுசா ஒண்ணு தொடங்குறதுதான் வழி. அவங்களே உள்ள புகுந்து மாத்திக் கொடுக்க மாட்டாங்க. புதுசா தொடங்குனதும் டிடிபி தளத்துக்குப் போய் உங்க ஒன்பது இலக்க உறுப்பினர் எண்ணைப் போட்டுப் பழைய கணக்கோட இணைச்சுக்கலாம். அந்த எண் கார்டுக்குப் பின்னாடி இருக்கும். விமான டிக்கெட்ல ‘நோன் டிராவலர் நம்பர்’னு போடுறீங்களே, அதே எண்தான். அதை எங்கயாவது எழுதி வைங்க. தும்பை விட்டுட்டு வாலைப் பிடிக்காதீங்க.

இன்னொண்ணு. கூகுள்ல தேடுனா மேல வர்ற விளம்பரத் தளங்கள்ல சில, பார்க்க அரசுத் தளம் மாதிரியே இருக்கும். கூடுதலா காசு வாங்கும், பாஸ்போர்ட் விவரத்தையும் வாங்கிக்கும். முகவரி டாட் கவ்னு முடியலன்னா அந்தப் பக்கத்துல எதையும் டைப் பண்ணாதீங்க.

இப்ப கடிதம். மெயில்ல வர்றது உப்பு சப்பில்லாத ஒரு வரிதான்: உங்க விண்ணப்பத்தின் நிலை மாறியிருக்கு, உள்ள போய்ப் பாருங்க. நல்ல செய்தியா கெட்ட செய்தியான்னு அதுல இருக்காது. உள்ள போனா ஒரு கடிதம் பிடிஎஃப்பா இருக்கும். நிபந்தனையோட ஓகேன்னா இன்டர்வியூவுக்கு அடுத்த படி. அமெரிக்காவுல வந்து இறங்குறப்பவே அப்பாயின்ட்மென்ட் இல்லாம இன்டர்வியூ முடிக்குற வசதியும் நிறைய ஏர்போர்ட்ல இருக்கு. முடியாதுன்னா, தகுதி விதிகளை நீங்க பூர்த்தி செய்யலைன்னு ஒரு வரி, கீழ காரணம்னு ஒரு வரி. அந்தக் காரண வரியைத்தான் பொறுமையா படிக்கணும்.

குளோபல் என்ட்ரிக்கான விதி அமெரிக்க கூட்டாட்சி விதித்தொகுப்புல எட்டாவது தலைப்புல 235.12ன்னு இருக்கு. இந்த எபிசோடுக்காக உட்கார்ந்து படிச்சேன். சட்டம் மாதிரி மிரட்டாம, படிக்குற மாதிரிதான் இருக்கு. தகுதியிழப்புக் காரணங்கள் கைவிரல்ல எண்ணுற அளவுதான். விண்ணப்பத்துல தப்பான தகவலோ பாதித் தகவலோ கொடுத்திருந்தா. எந்த நாட்டுலயாவது கைதோ தண்டனையோ, நிலுவையில வழக்கோ இருந்தா. எந்த நாட்டோட கஸ்டம்ஸ், இமிக்ரேஷன், விவசாய விதிகளையும் மீறியிருந்தா. ஏதாவது விசாரணையில உங்க பேர் இருந்தா. அமெரிக்காவுக்குள்ள வரவே தகுதியில்லாதவரா இருந்தா. கடைசியா ஒண்ணு, அதுதான் எல்லாத்துக்கும் பெரிய கதவு: நீங்க ‘குறைந்த ஆபத்து’ உள்ளவர்னு சிபிபியை உங்களால திருப்திப்படுத்த முடியலைன்னா.

இதுல யார் யாருக்கு நிரூபிக்கணும்னு பாருங்க. நீங்க தப்பானவர்னு அவங்க நிரூபிக்க வேண்டியதில்லை. நீங்க நம்பகமானவர்னு நீங்கதான் காட்டணும். நீதிமன்றத்துல நமக்குப் பழகுனதுக்கு நேர் தலைகீழ். இது உரிமை இல்ல, சலுகைன்னு அவங்க சொல்றதோட நடைமுறை அர்த்தம் இதுதான். எனக்கு இதுல ஒரு சங்கடம் இருக்கு, பின்னாடி சொல்றேன்.

‘எந்த நாட்டிலும்’ங்கற வார்த்தையையும் கவனிங்க. காலேஜ்ல ஒரு போராட்டத்துல எஃப்ஐஆர்ல பேர் சேர்ந்திருக்கும், அப்புறம் தள்ளுபடி ஆகியிருக்கும். நம்ம ஊர்ல அதை யாரும் கேஸ்னே நினைக்க மாட்டாங்க. அமெரிக்காவுலயே வண்டி ஓட்டும்போது ஏதோ ஒரு கைது, அப்புறம் நீதிபதி விட்டுட்டார்னு வச்சுக்கங்க. “தண்டனை இல்லையே, எதுக்குச் சொல்லணும்”னு ஃபார்ம்ல ‘இல்லை’ன்னு டிக் பண்ணா, அந்தப் பழைய விஷயத்தைவிட ‘இல்லை’ன்னு சொன்னதே பெரிய பிரச்சினை ஆயிடும். பழைய விஷயம் ஒரு காரணம், பொய்த் தகவல் இன்னொரு தனிக் காரணம். முதலாவதை விளக்கிடலாம், ரெண்டாவதை விளக்குறது ரொம்பக் கஷ்டம். ரெண்டுல எதுக்கு மறுபரிசீலனையில இரக்கம் கிடைக்கும்னு நீங்களே யோசிங்க.

அடுத்தது சாப்பாடு. சிரிக்காதீங்க. 2018ல பாரிஸிலேர்ந்து மினியாபொலிஸ்ல வந்து இறங்குன ஒரு பயணி, விமானத்துல தின்பண்டமா கொடுத்த ஒரு ஆப்பிளைச் சாப்பிடாம பையில வச்சுட்டாங்க. டிக்ளேர் பண்ணல. சோதனையில பிடிபட்டு 500 டாலர் அபராதம். அவங்க குளோபல் என்ட்ரியும் போச்சுன்னு அப்ப செய்திகள்ல வந்துச்சு. ஒரே ஒரு ஆப்பிள்.

இப்ப நம்ம பெட்டியை நினைச்சுப் பாருங்க. ஊர்லேர்ந்து கிளம்புறப்ப அம்மா என்னெல்லாம் வைப்பாங்க? பருப்புப் பொடி, வத்தல், முறுக்கு, அதுக்கு நடுவுல ஈரத்துணியில சுத்துன ஒரு கொத்து கறிவேப்பிலை. அந்தக் கறிவேப்பிலைதான் வில்லங்கம். கறிவேப்பிலை, எலுமிச்சை ஆரஞ்சு குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதுல வாழுற ஒரு சின்னப் பூச்சி, ஆரஞ்சு மரங்களைக் கொல்லுற ஒரு நோயைப் பரப்பும். 2005ல ஃப்ளோரிடாவுல அந்த நோய் கண்டுபிடிக்கப்பட்டதுலேர்ந்து அங்க ஆரஞ்சுத் தோட்டத் தொழிலே நொறுங்கிப் போச்சு. அதனாலதான் பையில பச்சைக் கறிவேப்பிலை கொண்டுபோக அனுமதி இல்ல. அவங்க பக்கத்துலேர்ந்து பார்த்தா நியாயமான பயம்தான். அம்மாவுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியணும்.

நல்ல விஷயம் என்னன்னா, இதுக்குத் தீர்வு ரொம்ப எளிசு. சாப்பாட்டுப் பொருள் இருக்குன்னு டிக்ளேர் பண்ணுங்க. டிக்ளேர் பண்ண பொருள் தடை செஞ்சதா இருந்தா எடுத்துக் குப்பையில போடுவாங்க, அவ்வளவுதான். அபராதம் மறைச்சதுக்குத்தான். அவசரத்துல ‘ஒண்ணும் இல்லை’ன்னு சொல்லிக் காப்பாத்துறது பத்து நிமிஷம், இழக்குறது அஞ்சு வருஷ வசதி. சொல்லப்போனா ஏற்கெனவே உறுப்பினரா இருக்குறவங்களுக்குத்தான் இதுல ஆபத்து ஜாஸ்தி, ஏன்னா அவங்ககிட்ட இழக்க ஒண்ணு இருக்கு.

கனடாவுல இருக்குற நம்ம மக்களுக்கு நெக்ஸஸ் பத்திக் கொஞ்சம். டொரண்டோ பக்கம் நம்ம ஈழத்து உறவுகள் எவ்வளவு பேர் இருக்காங்கன்னு சொல்லவே வேணாம். கல்யாணம், காதுகுத்து, செத்த வீடுன்னு காரை எடுத்துட்டு பஃபலோ வழியா நியூஜெர்சி போய்ட்டு வர்ற குடும்பங்களுக்கு நெக்ஸஸ் லேன் ஒரு வரம். ஆனா இது ரெண்டு பூட்டு போட்ட கதவு. அமெரிக்கா, கனடா ரெண்டு பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தர் மறுத்தா கதை முடிஞ்சது. அதனால கடிதம் வந்தா முதல்ல பார்க்க வேண்டியது, மறுத்தது எந்த நாடுங்கறதைத்தான். கனடா மறுத்ததுக்கு அமெரிக்காகிட்ட மனு போட்டா கிணத்துல போட்ட கல்லுதான்.

கார் லேன்ல இன்னொரு விதி. கார்ல இருக்குற எல்லாருக்கும் கார்டு இருக்கணும். மாமாவுக்கு இருக்கு, மாமிக்கு இருக்கு, ஊர்லேர்ந்து வந்த பெரியம்மாவுக்கு இல்லன்னா, எல்லாரும் சாதாரண லேன்தான். “அவங்க வயசானவங்க, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க”ன்னு நுழையாதீங்க. லேனைத் தப்பாப் பயன்படுத்துறதே கார்டைப் பறிக்குறதுக்கு ஒரு காரணம். அப்புறம் கஞ்சா. கனடாவுல 2018 அக்டோபர்லேர்ந்து சட்டப்படி சரி, நியூயார்க்லயும் இப்ப சரி. ஆனா எல்லையைத் தாண்டிக் கொண்டுபோறது ரெண்டு பக்கமும் குத்தம். நண்பன் கார்ல மறந்து வச்ச ஒரு பாக்கெட் போதும்.

இப்ப, முன்னாடி சொன்ன அந்தச் சங்கடம். இவ்வளவு நேரம் தனி மனுஷன் செஞ்ச, செய்யாத விஷயங்களைப் பத்திப் பேசுனோம். ஆனா நீங்க ஒண்ணுமே பண்ணாமலும் கதவு மூடலாம். 2020 பிப்ரவரியில அது நடந்துச்சு.

நியூயார்க் மாநிலம் ‘கிரீன் லைட்’ சட்டம்னு ஒண்ணு கொண்டு வந்தது. குடியேற்ற ஆவணம் இல்லாதவங்களும் டிரைவிங் லைசென்ஸ் வாங்கலாம். மாநிலத்தோட லைசென்ஸ் விவரங்களை மத்திய குடியேற்ற அமைப்புகள் இஷ்டத்துக்குப் பார்க்க முடியாது. 2019 டிசம்பர்ல அமலுக்கு வந்துச்சு. உடனே அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை, நியூயார்க்ல வசிக்குற யாருமே குளோபல் என்ட்ரி, நெக்ஸஸ், சென்ட்ரி எதுக்கும் புதுசா அப்ளை பண்ணவோ புதுப்பிக்கவோ முடியாதுன்னு அறிவிச்சது. வாகனத் துறைத் தகவல் இல்லாம விண்ணப்பதாரர் நம்பகமானவரான்னு சரிபார்க்க முடியாதுங்கறதுதான் சொன்ன காரணம். குவீன்ஸ்ல ஹில்சைடு அவென்யூ பக்கம் இருக்குற நம்ம ஆட்களும், மன்ஹாட்டன் பேங்க் அதிகாரியும், எல்லாரும் ஒரே நாள்ல ‘தகுதி இல்லாதவர்’ ஆனாங்க. முகவரி மட்டும்தான் காரணம்.

நியூயார்க் மாநிலம் வழக்கு போட்டது. அதே வருஷம் ஜூலையில என்ன ஆச்சு தெரியுமா? அரசுத் தரப்பு வக்கீல்களே நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதி, நாங்க முன்னாடி சொன்னதுல தப்பான தகவல்கள் இருந்துச்சுன்னு ஒத்துக்கிட்டாங்க. இந்தத் தகவலைத் தராத மாநிலம் நியூயார்க் மட்டும்தான்னு சொல்லியிருந்தாங்க. உண்மையில வேற சில இடங்களும் முழுசாத் தரல, ஆனா அங்க இருந்தவங்க வழக்கம்போல உறுப்பினர் ஆகிட்டு இருந்தாங்க. தடையை வாபஸ் வாங்குனாங்க.

விண்ணப்ப ஃபார்ம்ல ஒரு தப்பான தகவல் இருந்தா உங்களை நீக்குற விதியை இப்பதான் படிச்சோம். அதே துறை நீதிமன்றத்துலயே தப்பான தகவல் கொடுத்திருக்கு. ஒரு மாநிலமே சேர்ந்து கேஸ் போட்டதால அது வெளியில வந்துச்சு. தனியா ஒருத்தர் தன் அக்கவுன்ட்ல ‘குறைந்த ஆபத்து வரையறைக்குள் வரவில்லை’ன்னு ஒரு வரியைப் பார்த்துட்டு உட்கார்ந்திருந்தா, அந்த வரிக்குப் பின்னாடி இருக்குற தகவல் சரியா தப்பான்னு அவருக்கு எப்படித் தெரியும்? ‘சலுகைதானே’ங்கற ஒரு வார்த்தையில இதை முடிச்சிட முடியாதுன்னு நான் நினைக்கிறேன். ஒருத்தரை ஆபத்தானவர்னு முத்திரை குத்துறது, கியூவுல நேரம் மிச்சமாகாததைவிடப் பெரிய விஷயம்.

நீதிமன்றமும் இதைக் கொஞ்சம் யோசிக்க ஆரம்பிச்சிருக்கு. 2024ல, சென்ட்ரி உறுப்பினர் நிலை பறிக்கப்பட்ட ஒருத்தர் போட்ட வழக்குல, அமெரிக்காவோட ஒன்பதாவது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது முழுக்க எங்க விருப்பம், நீதிபதிகள் பார்க்கவே கூடாதுங்கற அரசோட வாதத்தை ஏத்துக்கல. விதின்னு ஒண்ணு எழுதி வச்சிருக்கீங்க, அந்த விதிப்படி நடந்தீங்களான்னு நாங்க பார்க்கலாம்னு சொல்லிடுச்சு. இதனால உங்க கார்டு நாளைக்கே திரும்பி வந்துடாது. ஆனா கேள்வி கேட்க ஒரு இடம் இருக்குன்னு ஆச்சு.

கேஸ் அளவுக்குப் போறதுக்கு முன்னாடி வீட்டுல உட்கார்ந்தே செய்யக்கூடியது இருக்கு. டிடிபி அக்கவுன்ட்லயே மறுபரிசீலனை கேட்குற வசதி இருக்கு. அது போய்ச் சேருறது சிபிபி ஆம்பட்ஸ்மன் அலுவலகத்துக்கு, அதாவது குறைதீர்ப்பு அதிகாரி. கடிதத்துல சொன்ன காரணத்துக்கு மட்டும் பதில் எழுதுங்க. பழைய கைது காரணம்னா, அந்தக் கேஸ் எப்படி முடிஞ்சதுன்னு நீதிமன்றம் கொடுக்குற சான்றிட்ட நகல்தான் உயிர். தமிழ்ல இருக்குற ஆவணம்னா இங்கிலீஷ் மொழிபெயர்ப்பு சேர்க்கணும். கைது எப்போ, எதுக்கு, எப்படி முடிஞ்சது, அதுக்கப்புறம் என்ன, எல்லாம் ஒரு பக்கத்துக்குள்ள. நான் எவ்வளவு நல்லவன்னு மூணு பக்கம் எழுதாதீங்க, படிக்குறவருக்குத் தேவை அந்த நகல்தான். அனுப்புனதையெல்லாம் சேவ் பண்ணி வைங்க. பதில் வர மாசக்கணக்கு ஆகலாம்.

காரணமே புரியலன்னா, தகவல் அறியும் சட்டப்படி உங்களைப் பத்தி அவங்க வச்சிருக்குற பதிவைக் கேட்கலாம். நம்ம ஆர்டிஐ மாதிரிதான். சில பகுதிகளைக் கறுப்பு அடிச்சுத்தான் தருவாங்க, ஆனாலும் ஒரு துப்பு கிடைக்கும். பேர் ஒத்துமையால ஒவ்வொரு தடவையும் நிறுத்துறாங்கன்னா அதுக்கு டிஎச்எஸ் டிரிப்னு தனி வழி. நம்ம பேர் விஷயம் உங்களுக்கே தெரியும். இனிஷியல் ஒரு ஆவணத்துல முன்னாடி, இன்னொண்ணுல பின்னாடி, பாஸ்போர்ட்ல அப்பா பேர் குடும்பப் பேரா நிக்கும். முதல்லயே எல்லா ஃபார்ம்லயும் பாஸ்போர்ட்ல இருக்குற மாதிரியே எழுத்துக்கு எழுத்து போடுறது நல்லது.

பயந்து போய் மெயில் எழுதுறவங்களுக்கு ஒண்ணு: குளோபல் என்ட்ரி மறுப்பும் விசா மறுப்பும் வேற வேற. விசா இருந்தா பயணம் போகலாம், சாதாரண கியூவுல நிக்கணும், அவ்வளவுதான். ஆனா காரண வரியில இமிக்ரேஷன் தகுதியின்மைன்னு இருந்தா மட்டும் அலட்சியம் பண்ணாம ஒரு குடியேற்ற வக்கீலைப் பாருங்க. அது வேற கதை.

சென்னையில இருக்குற நமக்கும் இப்ப இது தூரத்து விஷயம் இல்ல. இந்தியாவோட சொந்த விரைவு இமிக்ரேஷன் திட்டம், எஃப்டிஐ-டிடிபி, 2024 ஜூன்ல டெல்லியில ஆரம்பிச்சு, 2025 ஜனவரியில சென்னை உட்பட இன்னும் ஏழு ஏர்போர்ட்டுக்கு வந்துடுச்சு. இந்தியர்களும் ஓசிஐ வச்சிருக்குறவங்களும் ஆன்லைன்ல பதிஞ்சு, கைரேகை, முகப்பதிவு கொடுத்தா மீனம்பாக்கத்துல இ-கேட் வழியாப் போகலாம். இங்கயும் அதே ஆன்லைன் கணக்கு, அதே ‘ஏற்கப்பட்டது, நிராகரிக்கப்பட்டது’ தான். அங்க கேட்குற அதே கேள்வியை இங்கயும் கேட்கலாம்: மறுத்தா காரணம் எழுத்துல வருமா, யார்கிட்ட முறையிடுறது? இதை ஏற்கெனவே பதிவு பண்ணவங்க உங்க அனுபவத்தை எழுதுங்க, தனி எபிசோடாவே பேசுவோம்.

முடிக்குறதுக்கு முன்னாடி, ஏற்கெனவே கார்டு கையில வச்சிருக்குறவங்களுக்கு. பாஸ்போர்ட் புதுப்பிச்சீங்கன்னா டிடிபி அக்கவுன்ட்ல புது எண்ணை மாத்துங்க, தானா மாறாது. காலாவதி தேதிக்கு முன்னாடியே புதுப்பிப்பு விண்ணப்பம் போட்டுடுங்க. அப்படிப் போட்டா, முடிவு வர லேட் ஆனாலும் பழைய உறுப்பினர் நிலை 24 மாசம் வரைக்கும் நீடிக்கும். தேதி தாண்டி ஒரு நாள் கழிச்சுப் போட்டாலும் அந்தச் சலுகை கிடையாது. போன்ல இப்பவே ஒரு ரிமைண்டர் வச்சுடுங்க.